வைட்டமின் டி குறைந்தால் கரு நிற்காதா?

கருத்தரிப்பு மையத்தில் முதல் நாள் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் தைராய்டு, புரோலாக்டின், ஏஎம்எச், சர்க்கரை ஆகியவற்றோடு ‘25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி’ என்று ஒரு வரியும் இருக்கும். மறுநாள் முடிவு வரும். மற்ற எண்கள் சாதாரண எழுத்தில் இருக்க, அந்த ஒன்று மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறியோடு நிற்கும்: 14.2. மூன்று வருடமாகத் தேடிய காரணம் அகப்பட்டுவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தோன்றும். காரணம் அகப்பட்டால் மருந்தும் அகப்பட்ட மாதிரிதான். மருந்துக்கடையில் வாரம் ஒரு பொட்டலம்.

வைட்டமின் டி குறைவாக உள்ள பெண்களிடம் கருத்தரிப்பு சற்றுக் குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்த அளவை ஏற்றிவிட்டால் கருத்தரிப்பு கூடும் என்பது இதுவரை நிரூபணமாகவில்லை. இந்த இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. ஏன் என்று பார்க்க அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

பெயரில் வைட்டமின், குணத்தில் ஹார்மோன்

எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயைக் குணப்படுத்தும் ஒரு பொருள் மீன் எண்ணெயில் இருக்கிறது என்று அமெரிக்க உயிர்வேதியியலாளர் எல்மர் மெக்காலம் 1922இல் காட்டினார். ஏ, பி, சி என்ற எழுத்துகள் அதற்குள் தீர்ந்திருந்தன. அடுத்த எழுத்து டி. உணவிலிருந்து மட்டுமே கிடைக்கும் பொருள் என்ற எண்ணத்தில் வைத்த பெயர் அது. பிறகுதான் தெரிந்தது, நம் தோலே அதைத் தயாரிக்கிறது என்று. தயாரிப்பு மூன்று இடங்களில் நடக்கிறது:

1. தோல். சூரிய ஒளியில் 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதா பி கதிர், தோலிலுள்ள கொலஸ்டிரால் சார்ந்த ஒரு பொருளைத் தாக்கி வைட்டமின் டி3 ஆக்குகிறது. மாத்திரையில் ‘கோலிகால்சிஃபெரால்’ என்று அச்சிட்டிருப்பது இதைத்தான்.

2. கல்லீரல். தோலிலிருந்தோ உணவிலிருந்தோ வந்ததை 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி ஆக மாற்றுகிறது. இது ரத்தத்தில் இரண்டு மூன்று வாரம் நிலைத்து நிற்கும் இருப்பு. பரிசோதனைக்கூடம் அளப்பது இதை.

3. சிறுநீரகம். அந்த இருப்பிலிருந்து தேவைக்கேற்ப கால்சிட்ரியால் என்ற வீரியமிக்க ஹார்மோனைச் செய்கிறது. அதன் ஆயுள் சில மணி நேரம். உடலில் இருப்பு குறையும்போது பாராதைராய்டு ஹார்மோன் சிறுநீரகத்தை முடுக்குவதால், குறைபாடு உள்ளவரிடமும் கால்சிட்ரியால் சரியாகவே தெரியலாம். அதனால்தான் குறைபாட்டைக் கண்டறிய அதை அளப்பதில்லை.

வெயில் கொளுத்தும் ஊரில் எப்படிக் குறைகிறது?

ஆண்டு முழுக்க வெயில் அடிக்கும் நாட்டில் இந்தக் குறைபாடு வருமா என்ற சந்தேகம் நியாயமானது. நம் பக்கத்திலுள்ள திருப்பதியில் மருத்துவர்கள் ஊர்ப்புறத்திலும் நகர்ப்புறத்திலும் ஆரோக்கியமாக இருந்தவர்களைப் பரிசோதித்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, இரு பக்கமும் வைட்டமின் டி குறைவு பரவலாக இருப்பதைக் காட்டியது. உணவில் கால்சியமும் குறைவாக இருந்தது. தானியங்களிலுள்ள ஃபைட்டேட் அந்தக் கொஞ்சக் கால்சியத்தையும் உடலில் சேரவிடாமல் செய்தது.

அதே திருப்பதியில் இன்னொரு சோதனையும் நடந்தது. தோலிலுள்ள அந்த மூலப்பொருளைச் சிறு குப்பிகளில் அடைத்து, பகல் பொழுதின் வெவ்வேறு நேரங்களில் வெயிலில் வைத்தார்கள். வைட்டமின் டி அதிகம் உருவானது காலை 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில். ‘காலை இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைக்கும்’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். இளவெயில் மனத்துக்கு இதம். ஆனால் சூரியன் சாய்ந்திருக்கும் நேரத்தில் புற ஊதா பி கதிரைக் காற்றுமண்டலமே வடிகட்டிவிடுகிறது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக விழுந்தால், அந்த வெயிலால் தோலில் பெரிதாக ஒன்றும் உருவாகாது.

சித்திரை மாதத்து உச்சிவெயிலில் கைகளைத் திறந்துவைத்துக்கொண்டு யார் நிற்பார்கள் என்பது வேறு விஷயம். கருத்த தோலிலுள்ள மெலனின் ஒரு குடைபோலச் செயல்படுவதால் நமக்கு வெளுத்த தோலுள்ளவர்களைவிட அதிக நேரம் வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி புற ஊதா பி கதிரை உள்ளே விடாது. பஸ்ஸின் மூடிய கண்ணாடி ஓரம் உட்கார்ந்து கருத்துப்போகலாம், வைட்டமின் டி கிடைக்காது. உணவைப் பொறுத்தவரை மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்களிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் ஓரளவு இருக்கிறது. இட்லி, சாம்பார், ரசம், மோரில் இல்லை.

ஆக, குழந்தைக்காக முயலும் பெண்களிடம் மட்டுமல்ல, அதே தெருவில் இரண்டு குழந்தை பெற்ற பெண்களிடமும் சோதித்தால் 14, 16 என்ற எண்கள் சர்வசாதாரணமாக வரும். கருத்தரிப்பு மையத்துக்கு வராத காரணத்தால் அவர்களுக்கு அந்த எண் தெரியாது, அவ்வளவுதான்.

எந்த எண்ணுக்குக் கீழே குறைபாடு?

இதில் வல்லுநர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2010இல், மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தால் ஏறக்குறைய எல்லோருடைய எலும்புத் தேவைக்கும் போதும் என்றது. அதே அறிக்கையின்படி சராசரித் தேவை 16தான். 18 உள்ள ஒருவர் கட்டாயம் குறைபாடுள்ளவர் என்று அதற்குப் பொருள் இல்லை. அடுத்த ஆண்டே அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 20க்குக் கீழே குறைபாடு, 21 முதல் 29 வரை பற்றாக்குறை, 30 முதல் போதுமானது என்று கோடு கிழித்தது. பரிசோதனைக்கூடங்களில் அச்சாகும் அளவுகோல் பெரும்பாலும் இதுவே. அந்தச் சங்கமே 2024இல் புதிய வழிகாட்டுதலை வெளியிட்டபோது, இந்த வரம்பு எண்களை இனி முன்வைக்கவில்லை என்றும், ஆரோக்கியமானவர்களுக்கு வழக்கமாக இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. கோட்டைக் கிழித்தவர்களே அழித்துவிட்டார்கள். அச்சுத்தாளில் கோடு இன்னும் இருக்கிறது.

எண்ணைப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய மூன்று:

1. அலகு. லண்டனிலோ சிட்னியிலோ எடுத்த முடிவு லிட்டருக்கு நானோமோல் கணக்கில் வரும். அதை 2.5ஆல் வகுத்தால் நம் ஊர்க் கணக்கு. அங்கே 35 என்றிருப்பது இங்கே 14.

2. முடிக்கான மாத்திரை. முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் பயோட்டின், சில வகைப் பரிசோதனைக் கருவிகளை ஏமாற்றி வைட்டமின் டியை இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். தைராய்டு உள்ளிட்ட மற்ற ஹார்மோன் முடிவுகளையும் அது குழப்பும். ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டியது இது. பலரும் சொல்வதில்லை, அதை மருந்தாகவே நினைக்காததால்.

3. கருத்தடை மாத்திரை. மாதவிலக்கைச் சீராக்கவோ சிகிச்சை நாளைக் குறிக்கவோ ஈஸ்ட்ரோஜென் கலந்த மாத்திரை தந்திருந்தால், வைட்டமின் டியைச் சுமந்து செல்லும் புரதம் ரத்தத்தில் கூடி, எண்ணும் கூடித் தெரியும். மாத்திரையை நிறுத்தியதும் இறங்கும்.

சினைப்பையில் இதற்கு என்ன வேலை?

வைட்டமின் டி ஏற்பி என்ற புரதம் சினைப்பையிலும் கருப்பையின் உட்சவ்விலும் நஞ்சுக்கொடியிலும் இருக்கிறது. ஏற்பி ஒரு பூட்டு. ஹார்மோன் அதன் சாவி. பூட்டு இருக்கும் இடத்தில் சாவிக்கும் ஏதோ வேலை இருக்க வேண்டும் என்பது முதல் ஊகம். சினைமுட்டை இருப்பைச் சொல்லும் ஏஎம்எச் ஹார்மோனின் மரபணுவை இயக்கும் பகுதியிலும் வைட்டமின் டி ஏற்பி வந்து ஒட்டுவதற்கான இடம் உண்டு. கருவுற்றதும் கருப்பை உட்சவ்வு தானே கால்சிட்ரியாலைத் தயாரிக்கத் தொடங்குகிறது. தாயின் நோய் எதிர்ப்பு அமைப்பு பாதி அந்நியமான கருவைத் தாக்காமல் இருக்க அது உதவக்கூடும் என்று கருதுகிறார்கள்.

ஆய்வகத்தில் இந்த ஏற்பி இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளின் கருப்பை சிறுத்திருந்தது, சினைமுட்டைப் பைகள் முதிரவில்லை. இவ்வளவும் கேட்டால் விஷயம் முடிந்தது என்று தோன்றும். ஆனால் 2010இல் வெளியான ஒரு சோதனையில், கால்சிட்ரியாலையே தயாரிக்க முடியாத பெண் சுண்டெலிகளுக்கு உணவின் வழியாகக் கால்சியம், பாஸ்பரஸ் அளவை மட்டும் சரிசெய்தார்கள். வைட்டமின் டி தராமலே இனப்பெருக்கக் கோளாறு சரியானது. அப்படியானால் சுண்டெலியில் கெட்டது சினைப்பையின் பூட்டா, ரத்தத்தின் கால்சியமா? இந்தச் சோதனை கைகாட்டுவது கால்சியத்தை.

பெண்களிடம் நடந்த ஆய்வுகள் சொல்வது

ஐவிஎஃப் (சினைமுட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்வது) போன்ற சிகிச்சை பெற்ற 2,700 பெண்கள் அடங்கிய 11 ஆய்வுகளைத் தொகுத்து, பிரிட்டனின் பர்மிங்காம் ஆய்வாளர்கள் 2018இல் ஒரு பகுப்பாய்வை வெளியிட்டார்கள். வைட்டமின் டி போதுமான அளவு இருந்தவர்களுக்கு உயிரோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு விகிதம் மற்றவர்களைவிட 1.33 மடங்கு. ‘33 சதவீதம் அதிகம்’ என்று செய்தித் தலைப்பு ஆகும் எண் இது. நடைமுறையில் இதன் எடை வேறு. குறைபாடுள்ள 100 பேரில் 30 பேருக்குக் குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொண்டால், இந்த விகிதத்தின்படி மற்ற பிரிவில் 36 பேருக்குப் பிறக்கும். வித்தியாசம் இருக்கிறது, மந்திரம் இல்லை. கருச்சிதைவில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

அதே ஆண்டு அமெரிக்காவிலிருந்து இன்னொன்று. ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை கரு கலைந்த சுமார் 1,200 பெண்களிடம், குறைந்த அளவு ஆஸ்பிரின் பயன்படுகிறதா என்று பார்க்க நடந்த ஆய்வின் ரத்த மாதிரிகளை மறுபடி அளந்தார்கள். கருத்தரிக்கும் முன் 30க்கு மேல் இருந்தவர்கள் கருவுறும் வாய்ப்பு 10 சதவீதமும், குழந்தை பெறும் வாய்ப்பு 15 சதவீதமும் கூடியிருந்தன. அவர்கள் கருவே நிற்காத பெண்கள் அல்ல என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இரண்டு ஆய்வுகளிலும் யாருக்கும் வைட்டமின் டியைக் கொடுத்துப் பார்க்கவில்லை. இருந்த அளவைக் குறித்துக்கொண்டு, என்ன நடந்தது என்று கவனித்தார்கள். இந்த முறையில் காரணமும் உடன்வருவதும் பின்னிக்கொள்ளும்:

1. எடை. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. உடல் கொழுப்பு கூடினால் அதற்குள் பரவி ரத்தத்தில் குறைந்து தெரியும். அதிக எடை தன்னளவிலேயே சினைமுட்டை வெளியேறுவதைத் தடுமாற வைக்கும். ஒரே மரத்தின் இரண்டு கிளைகளில் ஒன்றை மற்றொன்றின் வேர் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது.

2. பிசிஓஎஸ். சினைப்பையில் நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் இந்தக் கோளாறில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, எடையும் கூடும், வைட்டமின் டியும் குறைந்திருக்கும். மூன்றில் எது எதை இழுக்கிறது என்று ரத்தப் பரிசோதனைத் தாள் சொல்லாது.

3. வாழ்முறை. வெளியே நடப்பவர், மீன் சாப்பிடுபவர், முன்கூட்டியே சத்து மாத்திரை எடுத்துக்கொள்பவர் ஆகியோரிடம் அளவு கூடுதலாக இருக்கும். அவர்களின் உடல்நலம் மற்ற வகைகளிலும் சற்று மேலாகவே இருக்கும்.

இது வெறும் தர்க்கச் சந்தேகம் அல்ல. மாரடைப்பு, புற்றுநோய் விஷயத்தில் இதே கதை முன்பே நடந்திருக்கிறது. குறைவாக உள்ளவர்களுக்கு இந்த நோய்கள் அதிகம் என்று கவனிப்பு ஆய்வுகள் அடுக்கடுக்காகச் சொல்லின. பிறகு அமெரிக்காவில் 25,871 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு நாளுக்கு 2,000 அலகு வைட்டமின் டியும் மீதிப் பேருக்கு மருந்துப்போலியும் (மருந்து இல்லாத, பார்வைக்கு அதேபோன்ற மாத்திரை) சுமார் ஐந்து ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் வருவதும் குறையவில்லை, மாரடைப்பு வருவதும் குறையவில்லை.

கொடுத்துப் பார்த்த ஆய்வு

கருத்தரிப்பிலும் அப்படி ஒரு சோதனை நடந்திருக்கிறது. இத்தாலியில் நடந்த அதன் பெயர் சன்ட்ரோ; முடிவு 2021இல் வெளியானது. ஐவிஎஃப் சிகிச்சைக்குக் காத்திருந்த, வைட்டமின் டி 30க்குக் கீழே இருந்த 630 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சிகிச்சை தொடங்க 2 முதல் 12 வாரம் முன்பு ஒரே தவணையில் 6 லட்சம் அலகு வைட்டமின் டி. இன்னொரு பிரிவுக்கு மருந்துப்போலி. யாருக்கு எது என்பது பெண்களுக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது.

கருவுற்றவர்கள்: வைட்டமின் டி பிரிவில் 37 சதவீதம், மருந்துப்போலிப் பிரிவில் 40 சதவீதம்.

மூன்று சதவீத வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியது. மருந்து கெடுத்தது என்று சொல்ல முடியாது. உதவியது என்றும் சொல்ல முடியாது. எதிர்க்கேள்விகள் உண்டு. ஒரே மூச்சில் விழுங்கிய 6 லட்சம் அலகும் தினசரி சிறு அளவும் உடலில் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. பெரிய தவணை வந்ததும் அதைச் சிதைக்கும் நொதியை உடல் முடுக்கிவிடுகிறது. 30க்குக் கீழே என்பதில் 27 உள்ளவரும் அடக்கம். ஆறோ ஏழோ உள்ளவர்களை மட்டும் தனியே எடுத்தால் முடிவு மாறுமா என்பது திறந்த கேள்வி. நம் ஊர்ப் பெண்களில் அப்படிப்பட்டவர்கள் இத்தாலியைவிட அதிகம் இருக்கக்கூடும் என்பதால் எனக்கு இந்த எதிர்க்கேள்வி முக்கியமாகப் படுகிறது. ஆனாலும், 25 உள்ள ஒருவருக்கு ‘இதை 40 ஆக்கினால் ஐவிஎஃப் பலிக்கும்’ என்று சொல்ல இன்று யாரிடமும் ஆதாரம் இல்லை.

ஆண்கள் பக்கமும் இப்படித்தான். டென்மார்க்கில், குழந்தைப்பேறு தள்ளிப்போன, வைட்டமின் டி குறைந்த 300க்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது விந்தின் தரம் மொத்தத்தில் மேம்படவில்லை.

அப்படியானால் சாப்பிட வேண்டாமா?

சாப்பிட வேண்டும், காரணம் வேறு. நீண்ட நாள் குறைபாடு பெரியவர்களின் எலும்பை மென்மையாக்கி இடுப்புவலி, தொடைவலி, படியேறும்போது தசைத் தளர்ச்சி ஆகியவற்றைத் தரும். கர்ப்பத்தில் குழந்தைக்குத் தாயின் இருப்பு ஒன்றே வழி. தாயிடம் மிகக் குறைந்திருந்தால் பிறந்த சில நாளில் குழந்தைக்குக் கால்சியம் இறங்கி வலிப்பே வரலாம். மேலே சொன்ன 2024 வழிகாட்டுதல், சோதனை செய்யாமலேயே வைட்டமின் டி தரலாம் என்று சொல்லும் சில பிரிவினரில் கர்ப்பிணிகளும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை நாளுக்கு 600 அலகு. கருத்தரிக்க முயலும் பெண்ணுக்கு நிரூபணமான மாத்திரை எது என்று கேட்டால், நாளுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். அது குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுப்பதற்கு.

வைட்டமின் டியால் செய்ய முடியாதவை நீண்ட பட்டியல். காசநோயால் அடைபட்ட கருக்குழாயை அது திறக்காது. முதிராத சினைமுட்டையை முதிரவைக்க பிசிஓஎஸ் பெண்களுக்கு லெட்ரோசோல் போன்ற மருந்து இருக்கிறது. அதன் இடத்தை இது பிடிக்காது.

60,000 என்ற பொட்டலம்

இந்தியாவில் அதிகம் எழுதித் தருவது 60,000 அலகு. பாலில் கலக்கும் தூளாகவோ, கடலை அளவு மென்மாத்திரையாகவோ வரும். 40 அலகு ஒரு மைக்ரோகிராம் என்பதால், அந்தப் பொட்டலத்தில் உண்மையான மருந்து ஒன்றரை மில்லிகிராம்தான். மீதி சர்க்கரையும் நிரப்புப் பொருளும். வாரம் ஒன்று, எட்டு வாரம் என்பது வழக்கமான சீட்டு. நாள்தோறும் எடுப்பவர்களுக்கு மருத்துவர் கண்காணிப்பு இல்லாத உச்ச வரம்பு 4,000 அலகு என்று வைத்துப் பார்த்தால், இந்தப் பொட்டலம் பதினைந்து நாள் வரம்பு. சீட்டில் ‘வாரம் ஒருமுறை’ என்று கிறுக்கியிருப்பதைத் தினமும் என்று படித்துவிட்டால் வருவது வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர். ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடுவதுவரை போகும். சிகிச்சைக்காக ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மருத்துவரைப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து: ஒருவர் வாரப் பொட்டலம், இன்னொருவர் வைட்டமின் டி கலந்த கால்சியம் மாத்திரை, மூன்றாமவர் கருத்தரிப்புச் சத்துமாவு. மூன்றின் அட்டையையும் ஒரே மேசையில் வைத்துக் கூட்டிப் பார்ப்பது நோயாளியின் வேலையாகிவிடுகிறது.

எண் ஏறும்வரை காத்திருக்கலாமா?

இருப்பு நிலைபெற ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதனால் மறுசோதனையை அதற்கு முன் செய்வதில் பொருள் இல்லை. 27 வயதில் மூன்று மாதம் பெரிய இழப்பு அல்ல. 38 வயதில் அப்படி இல்லை; சினைமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் அப்போது வேகமாகச் சரிகின்றன. 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதம் முயன்றும் கரு நிற்காவிட்டால் மருத்துவரைப் பார்க்கச் சொல்வதே அதனால்தான். ‘முதலில் வைட்டமின் டி சரியாகட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று யாராவது சிகிச்சையை ஒத்திவைத்தால், எந்த ஆதாரத்தில் என்று கேட்கலாம். சிகிச்சை தொடங்கும் மாதத்திலேயே முதல் பொட்டலத்தையும் பாலில் கலந்துகொள்ளத் தடை ஏதும் இல்லை.